ஊர்ப் பெருமையும் ஒரு ரொட்டியும்: ஃபிலடெல்ஃபியா, சிகாகோ நகரங்களின் மாட்டிறைச்சிப் போட்டி



அமெரிக்காவில் படிக்கவோ பணியாற்றவோ சென்ற பிள்ளைகள் இன்று நம் குடும்பங்கள் பலவற்றில் உண்டு. அவர்களுள் ஃபிலடெல்ஃபியாவில் இருப்பவரிடம் அவ்வூரின் உணவு எது என்று கேட்டால், சற்றும் தயங்காமல் ‘சீஸ்ஸ்டேக்’ என்பார். சிகாகோவில் இருப்பவரோ ‘இத்தாலியன் பீஃப்’ என்பார். இரண்டும் நீள ரொட்டிக்குள் மாட்டிறைச்சியை வைத்துத் தரும் சாண்ட்விச்சுகளே. ஆயினும் எது சிறந்தது என்று அவ்விரு நகரத்தாரும் பல தலைமுறைகளாக வழக்காடி வருகின்றனர். விளையாட்டு இறுதிப் போட்டிகளில் இரு நகர அணிகள் மோதும்போது, தோற்கும் ஊரின் மேயர் வெல்லும் ஊருக்குத் தம் ஊர் உணவை அனுப்ப வேண்டும் என்று பந்தயம் கட்டுவதும் அந்நாட்டில் வழக்கம். பந்தயம் நமக்கு ஆகாது. அதை அவர்களிடமே விட்டுவிடுவோம். அந்த ரொட்டிக்குள் இருக்கும் வரலாறு மட்டும் நம் கவனத்திற்கு உரியது. வந்தேறிகள் ஓர் ஊரைத் தம் ஊராக்கிக்கொண்ட கதை அது. அதன் பிற்பகுதியில் முஸ்லிம்களும் இடம்பெறுகின்றனர்.

சிகாகோவிலிருந்து தொடங்குவோம். 1865ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் அந்நகரின் தென்பகுதியில் ‘யூனியன் ஸ்டாக் யார்ட்ஸ்’ என்னும் மாபெரும் கால்நடைச் சந்தை திறக்கப்பட்டது. மேற்குப் புல்வெளிகளிலிருந்து இரயில் வண்டிகளில் வந்திறங்கிய மாடுகளும் பன்றிகளும் அங்கேயே அறுக்கப்பட்டு, பதப்படுத்தப்பட்டு, நாடெங்கும் அனுப்பப்பட்டன. 1971இல் மூடப்படும் வரை ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அந்தச் சந்தை இயங்கிற்று. அதைச் சூழ்ந்த கொட்டில்களில் உழைத்தவர்கள் பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்து வந்த ஏழைகள். பின்னர்த் தென்மாநிலங்களிலிருந்து வந்த கறுப்பின மக்களும் சேர்ந்தனர். அவர்களுடைய துயரத்தை எழுத்தாளர் அப்டன் சின்க்ளேர் 1906இல் ‘தி ஜங்கிள்’ என்னும் நாவலாக வெளியிட்டார். தொழிலாளியின் நிலை கண்டு மக்கள் பொங்குவர் என்று அவர் எதிர்பார்த்தார். மக்களோ தம் தட்டில் விழும் இறைச்சியின் அசுத்தம் கண்டே பதறினர். அதே ஆண்டு ஜூன் 30ஆம் நாள் இறைச்சிப் பரிசோதனைச் சட்டமும் தூய உணவு, மருந்துச் சட்டமும் கையொப்பமாயின. தொழிலாளியின் கூலி அப்படியே இருந்தது.

அந்தக் கூலியில் வாழ்ந்தவர்களுள் தென் இத்தாலியரும் இருந்தனர். மென்மையான கறி செல்வர் வீடுகளுக்கும் உணவகங்களுக்கும் போயிற்று. இவர்களுக்கு வாய்த்தது மாட்டின் பின்தொடைப் பகுதி போன்ற முரட்டுக் கறி. அதை அப்படியே வாட்டினால் பல் தாங்காது. எனவே பூண்டும் ஓரிகானோ இலையும் மிளகும் சேர்த்த நீரில் மெல்லிய தீயில் நெடுநேரம் வேகவைத்தனர். நெடுநேரச் சூட்டில் கறியின் நாரைப் பிணைக்கும் சவ்வு கரைந்து சாற்றோடு கலக்கும். பின்னர் ஆறவைத்து, நார் ஓடும் திசைக்குக் குறுக்காக, தாள் போல மெலிதாகச் சீவுவர். நார் துண்டு துண்டாகிவிடுவதால் முரட்டுக் கறியும் வாயில் எளிதில் அரைபடும். சீவியதை மீண்டும் அந்தச் சூடான சாற்றில் இட்டு ரொட்டியில் அள்ளி வைப்பர். இம்முறைக்கு இன்னொரு நன்மையும் உண்டு: கொஞ்சம் கறி பலருக்குப் போதும். ஆகவேதான் ஏழை இத்தாலியர் வீட்டுத் திருமணங்களில் இது பரவியது. செலவைக் குறைக்க விருந்தினருக்கு வேர்க்கடலை பரிமாறப்பட்டதால் அத்திருமணங்களுக்கு ‘வேர்க்கடலைக் கலியாணம்’ என்றே பெயர் விழுந்ததாம்.

வீட்டுத் திருமண உணவு கடைக்கு வந்தது எவரால் என்பதில் சிகாகோவுக்குள்ளேயே வழக்குண்டு. 1938இல் டெய்லர் தெருப் பகுதியில் தொடங்கிய ‘ஆல்ஸ்’ என்னும் கடையின் குடும்பத்தார் தமக்கே அந்தப் பெருமை என்பர். 1925இல் இறைச்சி நிறுவனம் தொடங்கிய பாஸ்குவாலே ஸ்காலாவுக்கே உரியது என்பாரும் உளர். கடையில் கேட்கும் முறையும் தனி. சாறு வேண்டாம் என்றால் ‘ட்ரை’. மேலே ஊற்றினால் ‘வெட்’. ரொட்டி முழுவதையும் சாற்றில் முக்கி எடுத்தால் ‘டிப்ட்’. மேலே இனிப்புக் குடைமிளகாயோ, ஜார்டினியேரா என்னும் எண்ணெயில் ஊறிய காரமான காய்கறிக் கலவையோ வைப்பர். முக்கிய ரொட்டியிலிருந்து சாறு சொட்டி உடையைக் கெடுக்கும் என்பதால், முழங்கைகளை மேடையில் ஊன்றி, கால்களைப் பின்னே தள்ளி, குனிந்து நின்று உண்பார்கள். அந்நிலைக்கே ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். அமர்ந்து உண்பதுதான் நமக்குக் கற்பிக்கப்பட்ட ஒழுக்கம். அந்த ஒரு விஷயத்தில் சிகாகோவைப் பின்பற்ற வேண்டியதில்லை.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லாமல் கடக்க என்னால் இயலவில்லை. பெண்களுள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்குரிய சிறப்பு, உணவுகளுள் தரீதுக்குரிய சிறப்பைப் போன்றது என நபி (ஸல்) அவர்கள் கூறியதாக வரும் ஹதீஸை மதரஸாவில் பாடம் நடத்தும்போதெல்லாம், தரீத் என்றால் என்ன என்று மாணவர்கள் கேட்பார்கள். ரொட்டியைப் பிய்த்து இறைச்சிச் சாற்றில், நம் ஊர்களில் ஆணம் என்கிறோமே அதில், ஊறவைத்த உணவு என்று விளக்குவேன். நபி (ஸல்) அவர்களின் கொள்ளுப்பாட்டனாருக்கு அம்ர் என்பதே இயற்பெயர். பஞ்சத்தில் வாடிய மக்கா மக்களுக்கும் ஹஜ்ஜுக்கு வந்தோருக்கும் ரொட்டியை நொறுக்கிச் சாற்றில் இட்டு வழங்கியதால் ‘நொறுக்குபவர்’ என்னும் பொருளில் ஹாஷிம் என்று அழைக்கப்பட்டார் என்பது வரலாற்றாசிரியர் கூற்று. ஹாஷிமிய்யா என்னும் பெரும் குலப்பெயரே ஒரு சட்டி ஆணத்திலிருந்து பிறந்தது எனலாம். சிகாகோ இத்தாலியருக்கு இச்செய்தி தெரிந்திருக்க வழியில்லை. காய்ந்த ரொட்டியும் கொஞ்சம் கறியும் நிறைய வாய்களும் உள்ள இடத்தில் மனிதர் எங்கும் ஒரே வழியைத்தான் கண்டுபிடிக்கின்றனர்.

ஃபிலடெல்ஃபியாவின் கதை இதனினும் சுருக்கமானது. அதனாலேயே அதிகம் சொல்லப்படுவது. பொருளாதாரப் பெருமந்தம் தொடங்கியிருந்த 1930ஆம் ஆண்டு, தெற்கு ஃபிலடெல்ஃபியாவின் இத்தாலியச் சந்தையருகே பேட் ஒலிவியேரி, ஹேரி ஒலிவியேரி என்னும் சகோதரர்கள் ஹாட் டாக் விற்றுக்கொண்டிருந்தனர். தினமும் அதையே தின்று சலித்த ஒருநாள், இறைச்சிக் கடையிலிருந்து கொஞ்சம் மாட்டிறைச்சி வாங்கி, வெங்காயத்தோடு தட்டைக் கல்லில் வதக்கி, ரொட்டியில் வைத்துத் தாமே உண்ணப் புகுந்தனர். அவ்வழியே வந்த வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவர் மணத்தில் மயங்கி, தமக்கும் அதுவே வேண்டும் என்றாராம். உண்டு முடித்ததும், ஹாட் டாக்கை விட்டுவிட்டு இதையே விற்கும்படி யோசனையும் சொன்னாராம். ஒன்பதாம் தெருவும் பாஷங்க் அவென்யூவும் சந்திக்கும் அந்த முனையில் ‘பேட்ஸ்’ கடை இன்றும் இருக்கிறது.

அந்த முதல் ரொட்டியில் பாலாடைக்கட்டி இல்லை என்பதைப் பலரும் மறந்துவிடுகின்றனர். சில ஆண்டுகள் கழித்தே ப்ரொவலோன் என்னும் இத்தாலியப் பாலாடைக்கட்டி சேர்ந்தது. 1950களில் சந்தைக்கு வந்த ‘சீஸ் விஸ்’ என்னும் மஞ்சள் குழம்பு அதன் பின்னர் வந்தது. 1966இல் நேர் எதிரே ஜோயி வென்டோ என்பவர் ‘ஜீனோஸ்’ கடையைத் திறந்தார். ரொட்டியில் பாலாடைக்கட்டியை முதலில் வைத்தது யார் என்பதில் இரு கடைகளும் உடன்படவில்லை. இரவும் பகலும் எதிரெதிரே விளக்கெரியும் அவ்விரு கடைகளைக் காண்பதற்கே வெளியூரார் வருவார்கள். உள்ளூராரோ இரண்டையும் விட்டுவிட்டு, தம் தெருமுனைக் கடையே சிறந்தது என்பார்கள்.

கேட்கும் முறை இங்கும் உண்டு. எந்தப் பாலாடைக்கட்டி, வெங்காயம் வேண்டுமா வேண்டாமா என்பதை இரண்டே சொற்களில் சொல்லிவிட்டு நகர வேண்டும். 2003இல், குடியரசுத் தலைவர் தேர்தலுக்கு முயன்றுகொண்டிருந்த ஜான் கெர்ரி பேட்ஸ் கடையில் சுவிஸ் பாலாடைக்கட்டி கேட்டுவிட்டார். ஊரே சிரித்தது, பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. எனினும் மறு ஆண்டுத் தேர்தலில் பென்சில்வேனியா மாநிலம் அவருக்கே கிடைத்தது. ரொட்டிக் கோபம் வாக்குப் பெட்டி வரை போகவில்லை.

நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரத்தாரைக் கேட்டால், இவ்விரண்டையும் ஒதுக்கிவிட்டுத் தம் ‘பீஃப் ஆன் வெக்’ என்பதைக் காட்டுவார்கள். பருமணல் போன்ற உப்பும் கருஞ்சீரகத்தை ஒத்த கேரவே விதையும் தூவிய ஜெர்மானிய ரொட்டி அது. நடுவே வாட்டிய கறியும் கண்ணில் நீர் வரவழைக்கும் காட்டமான ஹார்ஸ்ராடிஷ் கிழங்கும். அந்த உப்பு, தாகமெடுத்து மேலும் குடிக்க வைக்கும் மதுக்கடைக்காரரின் சூழ்ச்சி என்று அவ்வூராரே சொல்வதால், அதைப் பற்றி இங்கே விரிக்கவில்லை.

நியூயார்க் நகரின் பாஸ்ட்ரமி சாண்ட்விச்சைப் பற்றி மட்டும் ஒரு சொல். கருமிளகும் மல்லியும் பூசிப் புகையூட்டிய அந்த மாட்டிறைச்சி யூதர்களின் உணவாக உலகெங்கும் அறியப்படுகிறது. அதன் பெயர் ருமேனிய யூதர்கள் வழி வந்தது. ருமேனியருக்கோ அது உஸ்மானியத் துருக்கியரிடமிருந்து கிடைத்தது. துருக்கியில் ‘பஸ்திர்மா’ என்றால் அழுத்தப்பட்டது என்று பொருள். உப்பிட்டு, அழுத்தி, மசாலைப் பசை பூசிக் காற்றில் உலர்த்திய கறி அது. கைசேரி நகரம் இன்றும் அதற்குப் பெயர் பெற்றது. முஸ்லிம் ஊரொன்றின் உப்புக்கண்டம், மூன்று மொழிகளையும் இரண்டு சமயங்களையும் ஒரு பெருங்கடலையும் கடந்து அமெரிக்க ரொட்டிக்குள் புகுந்துவிட்டது. எங்கள் ஊர் உணவு எங்களுக்கு மட்டுமே உரியது என்று எவரேனும் மார்தட்டினால், அவ்வுணவின் பெயர் எம்மொழிச் சொல் என்று மெல்லக் கேட்கலாம்.

இனி, நம் பிள்ளைகள் தொலைபேசியில் கேட்கும் கேள்விக்கு வருவோம்: நாங்கள் இவற்றை உண்ணலாமா?

முதற்கண் வெளிப்படையான ஹராமைப் பார்க்க வேண்டும். சிகாகோக் கடைகளில் ‘காம்போ’ என்று கேட்டால், மாட்டிறைச்சியோடு இத்தாலியன் சாஸேஜ் ஒன்றையும் சேர்த்து வைப்பார்கள். அது பெரும்பாலும் பன்றி இறைச்சி. காம்போ கேட்காவிட்டாலும், பல கடைகளில் இரண்டையும் எடுக்கும் இடுக்கி ஒன்றாகவே இருக்கக்கூடும். அடுத்து அறுப்பு. வேதம் வழங்கப்பட்டோரின் உணவு நமக்கு ஆகுமானது என்பதைக் கொண்டு அந்நாட்டு இறைச்சியைப் பொதுவாக அனுமதிப்போர் உளர். ஆனால் இன்றைய பெருந்தொழிற்கூடத்தில் அறுப்பவர் யார், மயக்கும் கருவியால் அடிபட்ட மாடு அறுக்கும்போது உயிரோடு இருந்ததா என்பனவெல்லாம் உறுதியாகாத நிலையில் ஆலிம்களில் பலர் அதைத் தவிர்க்கச் சொல்கின்றனர். அறுக்கும்போது பிஸ்மி கூறுவது ஹனஃபீ மத்ஹபில் நிபந்தனை. ஷாஃபிஈ மத்ஹபில் வலியுறுத்தப்பட்ட சுன்னத். நம் தமிழகத்திலேயே இரு மத்ஹபினரும் இருப்பதால், ஒரே வீட்டுத் திருமண உறவில்கூட இவ்வுரையாடல் எழுவதுண்டு. பாலாடைக்கட்டியை உறைய வைக்கும் ரென்னெட், அதாவது கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருள் பற்றியும் பழைய கருத்து வேறுபாடு உண்டு. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அதில் தாராளமாகவும் ஏனைய இமாம்கள் கடுமையாகவும் இருந்தனர். இவற்றின் விரிவை அவரவர் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளட்டும். ஹலால் என உறுதியானது அடுத்த தெருவிலேயே கிடைக்கும்போது ஐயத்திற்குரியதை நாடுவானேன் என்பதே என் கருத்து.

அடுத்த தெருவில் அது கிடைப்பதுதான் இவ்வரலாற்றின் வியப்பு. 1958இல் அமெரிக்கா, அறுக்கும் முன் விலங்கை மயக்க வேண்டும் என்னும் கருத்தில் ஒரு சட்டம் இயற்றிற்று. அச்சட்டமே சமய முறைப்படி கூரிய கத்தியால் கழுத்து நாளங்களை அறுப்பதையும் மனிதநேய முறையாக ஏற்றது. அதற்காகக் குரல் கொடுத்தவர்கள் பெரிதும் யூதர்கள். பின்னாளில் முஸ்லிம்களும் அந்நிழலில் ஒதுங்க முடிந்தது. 1982இல் சிகாகோ வட்டாரத்தில் ‘இஃபான்கா’ என்னும் ஹலால் சான்றளிப்பு நிறுவனம் தோன்றியது. இறைச்சிச் சந்தையால் பெயர் பெற்ற அந்நகரிலிருந்தே பிறை பொறித்த முத்திரை உலகச் சந்தைக்குப் போகத் தொடங்கியது.

ஃபிலடெல்ஃபியாவில் நடந்தது இதனினும் ஆழமானது. அந்நகரத்து முஸ்லிம்களில் பெரும்பான்மையினர் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் அல்லர். அவ்வூர்க் கறுப்பின மக்கள். 1954இல் மால்கம் எக்ஸ் அங்கே ‘நேஷன் ஆஃப் இஸ்லாம்’ இயக்கத்தின் பன்னிரண்டாம் ஆலயத்தைக் கட்டியெழுப்ப உழைத்தார். அவ்வியக்கத்தின் கொள்கை அஹ்லுஸ் ஸுன்னத்தின் அகீதாவுக்கு மாறுபட்டது என்பதில் ஐயமில்லை. மால்கம் அவர்களே 1964இல் ஹஜ் செய்து நேர்வழி கண்டார். எனினும் பன்றி இறைச்சியையும் மதுவையும் விட்டொழிப்பது என்னும் கட்டுப்பாடு அம்மக்களின் வீடுகளுக்குள் அவ்வியக்கத்தின் வழியேதான் முதலில் நுழைந்தது. 1975இல் எலைஜா முஹம்மத் மறைந்தபின் அவர் மகன் இமாம் வாரிஸுத்தீன் முஹம்மத் தலைமையேற்று, பெருந்தொகையினரைப் பொது இஸ்லாமிய நெறிக்கு அழைத்து வந்தார். இன்று அந்நகரில் முஸ்லிம் அல்லாத இளைஞர்கள்கூட அடர்ந்த தாடி வைத்து, அதற்கு ‘சுன்னி பியர்ட்’ என்றே பெயர் சொல்கிறார்கள். ஸுன்னத்தான ஒன்று ஊர் வழக்காகிவிட்டது.

அவ்வாறே சீஸ்ஸ்டேக்கும் ஆயிற்று. இஸ்லாத்தைத் தழுவியதற்காகத் தாம் பிறந்து வளர்ந்த ஊரின் உணவைத் துறக்க வேண்டும் என்று அம்மக்கள் கருதவில்லை, அதை வெறுக்கவுமில்லை. அறுப்பை மட்டும் சரிசெய்தார்கள். மேற்கு ஃபிலடெல்ஃபியாவிலும் பிற பகுதிகளிலும் ஹலால் சீஸ்ஸ்டேக் கடைகள் எழுந்தன. அவற்றுள் சிலவற்றை நடத்துவோர் அரபு நாடுகளிலிருந்து வந்தவர்கள்; உண்போரோ எல்லாச் சமயத்தாரும். அதே ரொட்டி, அதே வெங்காயம், அதே கல். ஒரு நுட்பத்தையும் கவனியுங்கள்: யூத மார்க்கத்தைப் பேணுவோர் இறைச்சியையும் பாலையும் ஒன்றாக உண்ணமாட்டார்கள். ஆகவே, இறைச்சி அவர்கள் முறைப்படி அறுக்கப்பட்டாலும் அசல் சீஸ்ஸ்டேக் அவர்களுக்கு ஆகாது. நமக்கோ அத்தடை இல்லை. அறுப்பு ஹலாலாகிவிட்டால், உருமாறாமலேயே அவ்வுணவு நம் தட்டுக்கு வரும்.

சமய நெறிக்காக உணவு வளைந்து கொடுப்பது அந்நாட்டில் முஸ்லிம்களால் வந்த புதுமையும் அன்று. கத்தோலிக்கர் தம் நோன்புக் காலத்து வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி உண்ணமாட்டார்கள். மாட்டிறைச்சியே தொழிலான சிகாகோக் கடைகள் அந்நாட்களில் முட்டையும் குடைமிளகாயும் வதக்கி அதே ரொட்டியில் வைத்து விற்கும், இன்றும் விற்கின்றன. வாடிக்கையாளரின் ஈமானைக் கடைக்காரர் மதித்தார்; கடையும் நிலைத்தது.

ஊர்ப் பெருமை தவறா என்று கேட்டால், இல்லை என்றே சொல்வேன். மக்காவைப் பிரியும்போது நபி (ஸல்) அவர்களின் உள்ளம் கனத்ததை அறிவோம். பயணத்திலிருந்து திரும்புகையில் மதீனாவின் சுவர்கள் கண்ணில் பட்டதும் தம் ஒட்டகத்தை விரைவுபடுத்துவார்கள் என்றும் அறிவிப்பு உண்டு. எந்த உணவையும் அவர்கள் குறை கூறியதில்லை. விரும்பினால் உண்பார்கள், இல்லையேல் விட்டுவிடுவார்கள். எங்கள் ஊர் பிரியாணியே பிரியாணி என்று வலீமா விருந்தில் வாதிடும் நம் சம்பந்திமார்கள் இந்தக் கடைசிச் செய்தியைச் சற்று நினைவில் கொள்ளலாம்.

ஆனால் பெருமைக்கு ஓர் எல்லை உண்டு. ஒரு போர்ப் பயணத்தில் முஹாஜிர் ஒருவருக்கும் அன்ஸாரி ஒருவருக்கும் சிறு சச்சரவு மூண்டது. ஒருவர் அன்ஸாரிகளே என்று கூவினார். மற்றவர் முஹாஜிர்களே என்று கூவினார். முஹாஜிர், அன்ஸார் ஆகிய இரண்டும் அல்லாஹ்வே புகழ்ந்து கூறிய பெயர்கள். ஆயினும் கட்சி சேர்க்கும் கூக்குரலாக அவை மாறியவுடன், அது ஜாஹிலிய்யாவின் அழைப்பு, நாற்றமெடுத்தது, விட்டுவிடுங்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். பெயரில் பிழையில்லை. அப்பெயரைக் கொண்டு பிறரை வெளியே நிறுத்தியதே பிழை.

ஃபிலடெல்ஃபியாவின் அந்தத் தெருமுனையிலும் அப்படி ஒன்று நிகழ்ந்தது. தெற்கு ஃபிலடெல்ஃபியாவின் இத்தாலியப் பகுதிக்கு மெக்சிகோவிலிருந்து ஏழைத் தொழிலாளர்கள் குடியேறத் தொடங்கியிருந்த காலம். 2005 வாக்கில் ஜீனோஸ் கடையின் சன்னலில் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டது: இது அமெரிக்கா, ஆங்கிலத்திலேயே கேளுங்கள் என்பது அதன் சாரம். மறு ஆண்டு நாடெங்கும் அது பேச்சாயிற்று. மொழி தெரியாத காரணத்தால் எவருக்கும் உணவு மறுக்கப்படவில்லை என்று கடைத் தரப்பு கூறியது. நகர மனித உறவுகள் ஆணையம் விசாரித்து, 2008இல், அறிவிப்பு சட்டத்தை மீறவில்லை என்று இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் முடிவு செய்தது. சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். ஆனால் அந்த ரொட்டியைப் படைத்தவர்கள் யார்? ஆங்கிலம் திக்கித் திக்கிப் பேசிய இத்தாலியக் குடியேறிகளும் அவர்தம் பிள்ளைகளும். தென் ஐரோப்பியர் இனி அதிகம் வரவேண்டாம் என்று 1924இல் இதே நாடு குடியேற்றச் சட்டம் போட்டுக் கதவைச் சாத்தியது. அப்போது அக்கதவுக்கு வெளியே நின்றவர்கள் இவர்களுடைய உறவினர்கள். வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவர் மணத்தை நுகர்ந்து வண்டியை நிறுத்திய அன்று, அவர் எம்மொழியில் கேட்டார் என்று ஒலிவியேரி சகோதரர்கள் பார்த்திருந்தால், ஊருக்கே ஒரு பெருமை வாய்த்திருக்காது.

வென்டோ 2011இல் இறந்தார். 2016இல் அவர் மகன் கடையைப் புதுப்பித்தபோது அந்த அறிவிப்பை நீக்கிவிட்டார். பெரிய விழா ஒன்றும் இல்லை. சன்னலில் அது இல்லை, அவ்வளவுதான். அதே 2016இல் ஃபிலடெல்ஃபியா நகரம், நோன்புப் பெருநாளையும் ஹஜ்ஜுப் பெருநாளையும் தன் பொதுப் பள்ளிகளுக்கு விடுமுறை நாட்களாக அறிவித்தது.